பட்டியலில் இல்லாத காயம்

அப்பாவை வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் கொடிநாள் விழா. சண்டையில் காயம்பட்ட முன்னாள் படைவீரர்கள் மேடைக்கு முன்னால் வரலாம், மரியாதை செய்யப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் போய் ஆறாவது ஆளாக நின்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவுக்கு இடது இடுப்பில் ஒரு பெரிய தழும்பு உண்டு. குனிய முடியாது, சம்மணம் போட முடியாது. ஆனால் அது ராணுவ லாரியிலிருந்து விழுந்து பட்ட அடி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த மனிதர் ஏன் அங்கே போய் நிற்கிறார்?

கையில் காகிதத்தோடு வந்த அலுவலர் ஒவ்வொருவராகப் பெயர் சரிபார்த்துக்கொண்டே வந்தார். அப்பாவிடம் நின்றார்.

"ஒங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்களே ஐயா. டிஸ்சார்ஜ் புக்குல எண்ட்ரி இருக்குதா?"

"இல்ல சார். ஆனா பட்டது நெசம்."

"தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பின்வரிசையில் யாரோ, "சால்வைக்கு வந்துட்டாரு போலகீது" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அப்பா அணிவகுப்பில் திரும்புவதுபோலவே திரும்பி, நடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். விழா முடியும்வரை முழங்கால் மேல் வைத்த கைகளை எடுக்கவில்லை.

மாமல்லபுரம் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் அவர் வழக்கம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஜன்னலைப் பார்த்தபடி பொருமிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர் ஊர் முன்னால் இப்படி அசிங்கப்பட்டாரே என்று கோபம். ஊர் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"அது லாரில வுழுந்தது இல்லம்மா. ஷெல்லு சிதறல். எழுபத்தொண்ணுல, கிழக்கால சண்டையப்போ பட்டுது."

"அப்புறம் ஏன் லாரின்னு சொன்னீங்க?"

"அது ஒரு கதை. அத்த வுடு. இந்த எண்ட்ரிய எப்டியாவது ஏத்தணும். நீ ஆபீஸ்ல இதே வேலைதான பாக்குற? எழுதிக் குடு." கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் திருக்கழுக்குன்றம் வந்துவிட்டது. அது அம்மாவின் பிறந்த ஊர். என் மாமன்களில் யாராவது ஏறிவிடுவார்களோ என்று அப்பா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஒரு பேரூராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தர். விட்டுப்போன பெயரைச் சேர்க்க, தப்பான தேதியைத் திருத்த தினம் பத்துப் பேர் வருவார்கள். "ஆதாரம் இருக்கா?" என்பதுதான் நான் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தை. இல்லையென்றால் அடுத்த ஆள். பதிவேட்டில் இல்லாதது நடக்கவில்லை, அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது, ஒளிப்பானேன்.

அப்பாவின் ரெஜிமெண்ட் ஆவணக் காப்பகத்துக்கு முதல் மனுவை மதிய இடைவேளையில் தட்டச்சு செய்தேன். காயம்பட்டவர்களுக்கென்று ஒரு பதக்கம் உண்டு, அது தனக்கு வரவில்லை, சேவைப் பதிவில் அதைச் சேர்க்கவேண்டும் என்று கேட்டு, பதில் என் அலுவலக முகவரிக்கு வருமாறு போட்டேன். அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையெழுத்துப் போடுவதைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவேன். ஐந்து மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. மேற்படி நபர் போரில் காயமடைந்ததாகப் பதிவு ஏதுமில்லை. நான் தினம் சொல்வதை எனக்கே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

மறுபடி எழுதினேன். மறுபடி பதில். ராணுவ மருத்துவமனைக்கு எழுதினேன். அவ்வளவு பழைய காகிதங்களை எப்போதோ அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். கடைசியில், இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆன பிறகு, காப்பகத்திலிருந்து கொஞ்சம் இரக்கமுள்ள யாரோ ஒருவர் விளக்கமாக எழுதியிருந்தார். கூட இருந்த ஒருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். அன்றே ஏன் பதிவாகவில்லை என்ற காரணத்தை மனுதாரர் தன் கையெழுத்தோடு எழுதித் தரவேண்டும்.

அதற்குள் அப்பா கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் வாயிற்காவலராகச் சேர்ந்திருந்தார். வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லி, இருக்கும் மெடல்களை மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார் மேனேஜர். அப்பா தையற்காரரிடம் மூன்று மெடலுக்கான பட்டி தைத்து வாங்கி வந்தார். இரண்டை மாட்டி, ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அம்மா கேட்டதற்கு, "மூணாவது பின்னு லூசாகீது" என்றார். அவர் வெயிலில் நின்று கார்க்கதவைத் திறந்து சல்யூட் அடித்துக்கொண்டிருப்பார். நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று பார்த்துவிடுவேன்.

"காரணம் இன்னான்னு எழுதட்டும்?" என்று அவரை வாரம் ஒரு தடவை கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். வருடக்கணக்காக எழுதி எழுதிக் கை ஓய்ந்தவள் நான், இவர் யோசிக்கிறாராம். கடற்கரையில் சவுக்குத் தோப்புவரை நடந்து போய்த் திரும்பி, மறுபடி நடந்து, கோபத்தை ஆற்றிக்கொள்வேன். ஆறாது.

கடைசியில் அவருக்குத் தெரியாமல் அவருடைய பழைய முகவரிப் புத்தகத்தைப் புரட்டினேன். கருங்குழியில் ஒரு பெயர் இருந்தது. பக்கத்தில் 'கிளார்க்' என்று எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

கிளார்க் பெரியவர் மூச்சிரைப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா இருந்த பட்டாலியன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். நான் யார் என்று சொன்னதும் என் முகத்தையே பார்த்தார்.

"ஒரு நாளு யாருனா வருவாங்கன்னு தெரியும். ஒங்க நைனா வருவான்னு நெனைச்சேன். நீ வந்துகினு கீற."

அவரிடமிருந்து எல்லாம் வந்தது. ஒரு சிப்பாய் சண்டையில் காயம்பட்டால் யூனிட் கிளார்க் ஓர் அறிக்கை அனுப்பவேண்டும். அது காப்பகத்துக்குப் போனால், அங்கிருந்து தானாக வீட்டுக்குத் தந்தி போகும். அப்பா அடிபட்டுக் கூடார ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அதே திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் சண்டையில் காலை இழந்து வந்திருந்தார். பெண்ணின் அப்பா அதைப் பார்த்து ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தார்.

"தந்தி போனா கல்யாணம் நின்னுடும் அண்ணானு என் கையப் புடிச்சுகினு அழுதான். தந்திய நிறுத்தணும்னா ரிப்போர்ட்ட நிறுத்தணும். நான் காயம்னு போடல. காய்ச்சல்னு போட்டேன். ஒரே ஜில்லாக்காரன் பாரு, மனசு கேக்கல. பின்னால காயத்துக்குனு மெடல் வந்தப்போதான் இன்னா பண்ணிட்டோம்னு ஒறைச்சுது."

"அப்பா உங்ககிட்ட வந்து சாட்சி கேட்டிருக்கலாமே?"

"எப்டிக் கேப்பான்? நான் பொய்க் கணக்கு எழுதுனேன்னு நானே எழுதிக் குடுக்கணும். என் பேரு கெடும்னு வுட்டுட்டான்." அவர் இருமிவிட்டுச் சொன்னார்: "இனிமே என் பேரு கெட்டா இன்னா, கெடலன்னா இன்னா. டைப் அடிச்சுக் கொண்டா, போடறேன். ஆனா சீக்கிரம் வா. இந்த நெஞ்ச நம்ப முடியாது."

அடுத்த வாரமே அவருடைய சாட்சி, அப்பாவின் காரணம் என்று இரண்டு பத்திரங்களையும் தமிழில் தட்டச்சு செய்தேன். பெரியவர் தன்னுடையதை நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் போடுவதை எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் பார்த்துக்கொள்வார். இனி அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்பா படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"யாரக் கேட்டு அங்க போன?"

"நீங்க சொல்லல. வேற வழி?"

"இத்த நான் போடமாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால ஒங்க தாத்தா என்னக் கோயில் வாசல்ல நிறுத்திக் கேட்டாரு. சண்டையில அடிகிடி எதுனா பட்டுதா மாப்ளனு. இல்ல மாமானு சொன்னேன். சாமி முன்னால சொன்னேன். அவரு செத்தும் போய்ட்டாரு. ஒங்கம்மா இன்னிவரிக்கும் லாரின்னு நம்பிக்கினு கீறா. என்ன ஏமாத்திக் கட்டினியானு ஒரு வார்த்த கேட்டா நான் இன்னா சொல்றது? மெடலே வாணாம், போ."

அன்றுதான் எனக்கு அவர்மேல் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு, அந்தப் பொய்யால் இன்னொரு இடத்தில் பொய்யன் என்று பெயர் வாங்கி, இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியாமல் இவ்வளவு வருடம். ஆனால் பாவம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. கருங்குழியிலிருந்து பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. காப்பகத்தில் அவரை விசாரிக்க நினைத்தால் அவர் உயிரோடு இருக்கவேண்டும். ஒரு வாரம் பொறுத்தேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. எட்டாவது நாள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய், சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் முன்னால் நீட்டினேன்.

முன்னறையில் அப்பா யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டார். தடுக்க எழுந்து வந்தவர் சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று முதல் தடவையாகப் பயந்தேன். அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது தப்பாகீது" என்றாள்.

"எது?"

"'எனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கவேண்டி மறைத்தேன், இன்றுவரை அவருக்குத் தெரியாது'ன்னு போட்டுக்கீற. எனக்குத் தெரியும். இத்தத் திருத்து."

என் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. "ஆதாரம் இருக்கா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்தாள்.

"அம்மி மிதிக்கறப்போ மாப்ள குனிஞ்சு பொண்ணு காலத் தூக்கி அம்மி மேல வெக்கணும். ஐயர் சொல்றாரு, நீங்க குனியப்போறீங்க, முடியல. ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. சுத்தி நூறு பேரு நிக்கறாங்க. நானே காலத் தூக்கி வெச்சேன். ஒங்க கை சும்மா என் கொலுசு மேல இருந்துது. யாருனா பாத்தாங்களா? மெட்டி போட குனியணும்னாங்க. எங்க வூட்ல நாத்தனார்தான் போடுவாங்கன்னு சொன்னேன். எங்க வூட்ல அப்டி ஒரு வழக்கமே இல்ல. கல்யாணப் பொண்ணு வாய் பேசறாளேனு எல்லாரும் சிரிச்சாங்க. சண்டையிலேர்ந்து வந்த ஆளுக்கு இடுப்பு குனியலன்னா எதனாலன்னு எனக்குத் தெரியாதா?"

அப்பா, "அப்போ லாரின்னு சொன்னப்போ ஏன் கம்முனு இருந்த?" என்றார்.

"நீங்க ஆசையா மறச்சீங்க. நான் எதுக்குக் கெடுக்கறது?"

முன்னறையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. மூவரும் ஓடினோம். இஸ்திரிப்பெட்டி நின்ற இடத்தில், சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு பழுப்பு முக்கோணம். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்தேன். பெண்ணுக்குத் தெரியும் என்ற வரியை அம்மா சொன்னபடியே சேர்த்தேன். வக்கீல் இது தேவையில்லாத வரி என்றார். இருக்கட்டும் என்றேன். அப்பா கையெழுத்துப் போட்டார். கருங்குழிப் பெரியவர் பிழைத்து வந்து, விசாரணைக் கடிதத்துக்கு நடுங்கும் கையால் பதிலும் எழுதினார். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் காப்பகத்திலிருந்து திருத்தம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

அடுத்த கொடிநாளுக்கு அதே மைதானம். பட்டியலில் பெயர் இருந்தது. ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அப்பா மூன்று மெடலோடு வரிசையில் நின்றார். சால்வை போர்த்த வந்த பெண் அதிகாரி ரொம்பக் குள்ளம். கை எட்டாமல், கொஞ்சம் குனியுங்கள் என்று அப்பாவிடம் சைகை செய்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள், அந்த அதிகாரி ஏறி நிற்பதற்கு.