அதே இடத்துக் குமிழ்

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. உள்ளங்கால் சுட்டதால் தெரிந்தது. செருப்பை டேங்கர் லாரியின் ஏணியடியில் கழற்றிப் போட்டிருந்தேன். திரும்பிப் போய் எடுக்கிற எண்ணம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறியிருந்தேன். முன்சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்தங்க மேல கொட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, தலை சுத்துது" என்றார். கண்டக்டர் ஏதும் சொல்வதற்குள் நானே இறங்கிவிட்டேன். சட்டை முழுக்க சொலூஷன் வாடை.

சொலூஷன் என்று நாங்கள் சொல்வது ரப்பரை இரும்போடு ஒட்டும் பசை. கொள்ளிடக் கரைப் பக்கம், பைபாஸை ஒட்டி இருந்த ஷெட்டில் எனக்கு வேலை. ஆசிட் ஏற்றும் டேங்கர்களுக்கு உட்புறம் ரப்பர் ஷீட் ஒட்டித் தருவார்கள். ரப்பர் ஓரிடத்தில் விட்டாலும் ஆசிட் இரும்பைத் தின்றுவிடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் செருப்புக் கம்பெனி என்று சுற்றி, பசை பழக்கம் இருந்ததால் இங்கே சேர்ந்தேன். டேங்கருக்குள் இறங்கி ஒட்டுபவன் என் வயதுக்காரன், கல்யாணமானவன். மேலே ஆள் இறங்கும் வாயருகே உட்கார்ந்து, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்வது என் வேலை.

அந்த டேங்கரில் ஒரு குமிழ் எழும்பிக்கொண்டே இருந்தது. பின்கோடியில், ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு படுகிற உயரத்தில். கட்டையால் தட்டினால் மற்ற இடமெல்லாம் மொத்தென்று கேட்கும், அங்கே மட்டும் டொக்கென்று கேட்கும். கிழித்துப் பார்த்தால் உள்ளே பசை ஈரமாக, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். முதலாளி பசையைச் சந்தேகப்பட்டு வேறு டின் வாங்கினார். பிறகு இரும்பைச் சந்தேகப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமோ என்று அந்த இடத்தை மறுபடி மணல் அடித்து வெள்ளையாகத் தேய்க்கச் செய்தார். ஆற்று ஈரமாக இருக்குமென்று உச்சி வெயிலில் ஒட்டிப் பார்த்தோம். மறுநாள் அதே இடத்தில் அதே அளவில் எழும்பியது.

"இது பசை சமாச்சாரம் இல்லப்பா" என்று முதலாளி ஒருநாள் வாசலில் எலுமிச்சம்பழத்தை வெட்டி வைத்தார்.

அன்று காலை மறுபடியும் அவன் இறங்கினான். இறங்கியதும் வழக்கம்போல, "மாப்ள, ப்ளோயர நிறுத்து. காத்து பட்டா பால் மாதிரி மேல ஆடை கட்டிரும், உள்ள காயாது" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. அப்படி ஆடை கட்டிக் கெட்ட வேலையை நானே பார்த்திருக்கிறேன். நிறுத்தினேன். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் செல்போன், வாட்ச் எதையும் உள்ளே கொண்டுபோவதில்லை. அதற்கென்று வாங்கிய ஒரு டார்ச் மட்டும்.

இரண்டாவது கோட் பூசி முடித்துவிட்டதாகக் குரல் கொடுத்தான். இனி அரை மணி நேரம் காயவேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டவேண்டும், விரலோடு வரக்கூடாது. அப்போதுதான் ஷீட் போடலாம். அவன் உள்ளே பேச ஆரம்பித்தான். அதுவும் வழக்கம்தான். பாட்டுக்குப் பதிலாகப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அன்று வெளியேயும் காற்றில்லாமல் ஷெட் அமைதியாக இருந்ததால் முழுதாகக் கேட்டது. மச்சினன் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொன்னான். இடையிடையே நிறுத்தினான். நிறுத்திய இடத்தில் யாரோ "ம்" என்று உம் கொட்டினார்கள். இரும்பு உருளைக்குள் எதிரொலி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவன் எதையோ கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டவன்போலச் சிரித்தான்.

ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொள்ளக் கீழே இறங்கினேன். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டேன், உள்ளே ஷீட்டை அழுத்தும் ரோலர் ஓடும் சத்தம் கேட்டது.

"டேய், இப்பதானே பூசின!"

"அரை மணிக்கு மேல ஆச்சு மாப்ள" என்றான். தூக்கத்தில் பேசுகிற குரல்.

என் கையில் டீ இன்னும் சுட்டது. ஏறிப் போய் வாயில் தலையை விட்டேன். இனிப்பாக ஒரு காரம் மூக்கைத் தாண்டி நெற்றிக்குள் போனது. டார்ச் தரையில் கிடந்தது. அவன் பின்கோடியில் குமிழுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதிரே பார்த்து உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. முதலாளியைக் கத்திக் கூப்பிட்டு இருவரும் கயிற்றை இழுத்தோம். கால் பின்ன வந்தான். வாய்க்குக் கீழே வந்ததும் உள்பக்கம் திரும்பி, வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வதுபோல, "இருங்க, போயிட்டு வரேன்" என்றான். மேலே வந்ததும் கண் செருகிவிட்டது. உதடு நீலம்.

ஸ்ரீரங்கத்தில் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கிடைத்திருக்க மாட்டான், அந்த வேலைப் பக்கமே இனிப் போகக்கூடாது என்றார் டாக்டர். அவன் தெளிந்ததும் முதலில் என்னைத்தான் திட்டினான்.

"நல்லா பேசிக்கிட்டிருந்தேன். எதுக்குடா இழுத்த?"

"யார்கிட்ட பேசின?"

"ஒருத்தரு. எதிர்ல உக்காந்திருப்பாரு. முகம் தெரியாது. ஆனா நல்லா கேப்பாரு மாப்ள. எங்க வீட்ல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்த கூட்டுவாளுங்க. இவரு முழுசா கேப்பாரு. கல்யாணக் கதைய ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் சொன்னேன். எவ்ளோ நேரம் தெரியுமா?"

"ரெண்டு வாய் டீ குடிக்கிற நேரம்."

"போடா."

"அவரு என்ன சொன்னாரு?"

"அது எனக்குச் சொன்னது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

குமிழ் ஏன் எழும்புகிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொரு முறையும் அவன் காயவிடவே இல்லை. காயவிட்டதாக நம்பியிருக்கிறான். ஈரத்தின்மேல் ஷீட்டை மூடியதால் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று ரப்பரைத் தூக்கியிருக்கிறது. பசை நன்றாக ஒட்டவேண்டும் என்று காற்றை நிறுத்தினான். காற்று நின்றதால் ஆவி தலைக்கேறி, இரண்டு நிமிஷம் அரை மணியாகத் தெரிந்திருக்கிறது. இதை ஆஸ்பத்திரி வாசலில் முதலாளியிடம் சொன்னேன். "சரி, அப்ப அந்த உம் கொட்டுறது? நானும் ஒருநாள் கேட்டேன்ப்பா" என்றார் அவர். வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துதான் அந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

அன்று ராத்திரி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரத்தில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். அங்கே படுப்பது எனக்குப் புதிதல்ல. காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கக் கூப்பிட்டார்கள், போகக் கிளம்பினேன். அப்போது முதலாளியின் போன் வந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லாமக் கொள்ளாம வந்துட்டான்ப்பா. டேங்கர் மூடியத் தொறங்கங்கிறான். பூட்டிட்டேன். கம்பிய எடுத்து நெம்புறான். நீ சொன்னா கேப்பான், வாப்பா."

நான் போனபோது அவன் டேங்கர் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. "வேலைய பாதியில விட்டா என் பேரு கெட்டுரும்" என்றான். என்னைப் பார்க்காமல் மூடியைப் பார்த்தே சொன்னான். இவனைக் கீழே இறக்கிக் கட்டிவைக்க முடியாது. குமிழ் இருக்கும்வரை இவன் வந்துகொண்டேதான் இருப்பான்.

"நான் ஒட்டுறேன். நீ மேல உக்காரு" என்றேன்.

"உனக்குத் தெரியாது."

"செருப்பு ஒட்டினவன்டா நான்."

முதலாளியிடம் ஒன்றுதான் கேட்டேன். சொலூஷன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக் கிடக்கும். அதனால் காற்றை உள்ளே ஊதவேண்டாம், ஹோஸை அடிவரை விட்டு வெளியே இழுக்கவேண்டும். அப்போது சுவரில் ஆடை கட்டாது. ப்ளோயரைத் தள்ளி, ஷெட்டுக்கு வெளியே வைத்தோம். கயிற்றின் மறுமுனையை முதலாளி தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவனிடம் வாட்சைக் கொடுத்து, முள்ளைப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் உன் வேலை என்றேன்.

இறங்கினேன். உள்ளே நின்று பேசினால் நம் குரலே முதுகுப் பக்கமிருந்து வருகிறது. பின்கோடிக்குப் போய் ஈர ரப்பரைக் கிழித்து, பழைய பசையைச் சுரண்டினேன். சுவரைப் பார்த்து நின்று முதல் கோட்டை மெல்லியதாகப் பூச ஆரம்பித்தேன். ஹோஸ் காலடியில் இரைந்துகொண்டிருந்தது.

மேலே வெளிச்சம் குறைந்தது. அவன் வாயில் தலையை விட்டிருந்தான்.

"மாப்ள" என்றான் மெதுவாக. "இருக்காரா?"

நான் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்காமலேயே, "இல்ல" என்றேன்.