நான் அழித்த மூன்று புள்ளிகள்

மலிவு நாவல்களின் சாணித்தாள் புழுங்கிய வாசனை மூக்கில் ஏறினால், இன்றும் என் விரல்கள் அழிரப்பரைத் தேடும். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால், ஆறு குடித்தனங்கள் இருந்த எங்கள் "காம்பவுண்டு"க்கு மாதம் ஒரு துப்பறியும் நாவல் வரும்; முறை வைத்து வீடுவீடாகப் படிப்பார்கள். கொலைகாரன் யாரென்று தனக்குப் பிடிபட்ட வரிக்கடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுக்குமுன் புள்ளியை அழிப்பது ஆறாம் வகுப்பு படித்த என் "டூட்டி".

எல்லாருக்கும் முந்திக்கொள்பவள், எழுமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாலாம் வீட்டுச் செல்வி அக்காதான். முதல் பக்கத்திலேயே பிணத்தைப் போடும் எழுத்தாளர் அவளுக்கு உசத்தி. கடைசிவரை இழுத்தடிப்பவர் எனக்கு. "யாரு ரொம்ப நல்லவரா இருக்காரோ, அவரு மேல ஒரு கண்ணு வையிடி" என்பாள். அவள் புருஷன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வருவார். "தங்கமான மனுசன்" என்று காம்பவுண்டே சொல்லும்.

அந்தச் சித்திரையில் அவள் சன்னல் கம்பி வழியே நீட்டிய புத்தகத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற வரிக்கடியில் ஒன்று, 'வெளியே பூட்டிவிட்டுப் போனான்' என்பதில் ஒன்று, 'யாரிடம் சொல்வது' என்பதில் ஒன்று. கொலைகாரனுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அக்கா கோட்டை விட்டாள் என்று எனக்கு ஒரே குஷி. சன்னலுக்குப் போய், "என்னக்கா, இந்தத் தடவ அம்புட்டும் தப்பு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நல்லாப் பாத்தியாடி?"

"பாத்து அழிச்சிட்டேன்க்கா. அடுத்து அம்மாவுக்குத்தான்."

அவள் சன்னலை விட்டு உள்ளே போனாள். அந்தக் கதவில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்தும், ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அவள் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். "வத்தல் காயப்போடப் போனவ, கால் வழுக்கி விழுந்துட்டா" என்று புருஷன் அழுதார், எல்லாரும் நம்பினார்கள். நான் மாடியேறிப் பார்த்தேன். வத்தலும் இல்லை, விரித்த துணியும் இல்லை. தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. அம்மாவிடம் புள்ளி, பூட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாவலைப் புரட்டினாள். தாள் சுத்தமாக இருந்தது. "வாயக் கழுவு. எம்புட்டு நல்ல மனுசன்" என்று அதட்டினாள்.

இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் அந்த நாவல்களும் தொங்குவதில்லை. கொலைக்கதைகளை நான் விடவில்லை, கைப்பேசியில் படிக்கிறேன். ஆனால் கொலைகாரனைத் தேடுவதில்லை. சாகப்போகிறவள் எந்த இடத்தில் உதவி கேட்டாள் என்றுதான் தேடுகிறேன்.

அந்த ஒரு நாவலை மட்டும் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், நான் தேய்த்த மூன்று இடங்களிலும் பென்சில் முனை இறங்கிய குழிகள் தெரியும். அவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறாள்.