பயத்துக்கு மூன்று பெயர் வைத்தவள்

கௌசி, மீனா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். கேண்டீனின் கடைசி மேசையில் அமுதாவோடு உட்கார்ந்த உங்கள் இருவருக்காக மட்டுமே எழுதுகிறேன். அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார்.

கௌசி, உன் குரல் பதிவு வந்தபோது நான் பள்ளிப் பேருந்தில் இருந்தேன். "அமுதா போயிட்டாடி. டிங்கி காய்ச்சல்." அவ்வளவுதான். லூபோக் சீனா நிறுத்தம் வரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நமக்கென்று ஒரு மொழி செய்ய அவள் நடத்திய முதல் பாடம் நினைவிருக்கிறதா? நம் எல்லோர் பைகளையும் மேசையில் கொட்டினாள்.

"பிரிங்கடி. எப்படி வேணா பிரிங்க. ஒரு குவியலுக்கு ஒரு சொல்லு."

நான் பேனாவைப் பேனாவோடு சேர்த்தேன். மீனா, நீயோ என் ரப்பர், கௌசியின் சீப்பு, அமுதாவின் குடை மூன்றையும் ஒன்றாக வைத்து, "வாங்கிட்டுத் திருப்பிக் கொடுக்காதது" என்றாய்.

"எல்லாம் உன் பையிலயா இருந்துச்சு? திருடிலா நீ!" என்று கௌசி கத்தினாள்.

அமுதா துள்ளிக் குதித்தாள். "இதான்டி! புது மொழி செய்றதுன்னா சத்தத்த மாத்துறது மட்டும் இல்ல. வேற இடத்துல வெட்டுறது!"

யாரோ செய்த மொழி ஒன்றில் நூற்றுச் சொச்சம் சொற்களே உண்டு, நண்பரை 'நல்ல ஆள்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றாள். மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. நானும் வெட்டலாம்! எதை வேண்டுமானாலும்!

பிறகு நம் மொழியில் பயத்தை மூன்றாக வெட்டினாள். திட்டு விழும் என்ற பயம் லிப்பி. இன்னொருவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது ரூவே. உண்மையைச் சொல்லும் முன் வருவது தொமா. "எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டா, எதுக்குப் பயப்படுறோம்னே தெரியாதுடி."

ஒருநாள் கட்டொழுங்கு ஆசிரியர் அவள் புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவினார். "என்ன இது, கேங் பாஷையா?" அவள் அப்பாவை வரச் சொன்னார்.

"நான்தான் சார் எழுதுனேன். இவங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்றாள் அமுதா.

நம் சொற்களையெல்லாம் எழுதிவைத்த மஞ்சள் நோட்டு அப்போது என் பையில் இருந்தது. அதில் பாதி என் கையெழுத்து. நான் தரையைப் பார்த்தேன்.

அடக்கத்தன்று அவள் அப்பா என்னை ஓரமாக அழைத்தார். "பாப்பா, எம்பொண்ணு நெசமாவே கேங்குல இருந்தாளா?" அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நாளை பதினாறாம் நாள். நோட்டை அவர் கையில் கொடுத்து, சொல் சொல்லாகப் படித்துக் காட்டப் போகிறேன். நீங்களும் வாருங்கள். கேங் என்று கேள்விப்பட்டதிலிருந்து, 'அந்தப் பொண்ணு பேச்சே இந்த வீட்ல எடுக்கக்கூடாது' என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். நோட்டைக் கண்டால் கிழித்துவிடுவார்.

நோட்டு அவள் அப்பாவுக்கு. எனக்கு அவள் அடிக்கடி கேட்ட கேள்வி போதும்: "இது எந்தப் பயம்டி?"

கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள என்னம்மா இன்னும் லைட்டு?" அப்பாதான். லிப்பி இல்லை. இது தொ