மூச்சு வாங்கும் இடம்

கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் ஒரு மருந்துக்கடையில் பில் போடுவது என் வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலைவரை நாற்காலியை விட்டு எழ அவசியமே வராது. நாற்பத்திரண்டு வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றார் டாக்டர். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடங்கள், சோற்றைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாளே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று இறங்கினேன். விடியற்காலையில் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு, அதில் குதிக்கும் பெண்ணோடு அரைமணி நேரம் நானும் குதித்தேன். இட்லிக்குப் பதில் ஓட்ஸ் கஞ்சி. மதியம் வெறும் வெள்ளரிக்காய். இரண்டாம் நாள் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் டீயோடு நான்கு பஜ்ஜி தின்றேன்.

"இன்னா, மூணு நாள்ல முடிஞ்சிடுச்சா?" என்று சிரித்தார் என் கணவர்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஒருநாள் மதியம், விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, மடித்த சீட்டைப் பிடித்தபடி கடை வாசலில் நின்று, ஆஸ்பத்திரியில் கண் வார்டு எங்கே என்று கேட்டார். வழக்கம்போலக் கையை நீட்டிக் காட்டினேன்.

"ஒரு கண்ணு சுத்தமா தெரியலம்மா. கூட வரியா?"

சாப்பாட்டு நேரம்தான். கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து கூட்டிப்போனேன். வழி முழுக்கத் தன் பசுமாட்டைப் பற்றியே பேசினார். அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு வேப்பமரத்தடியில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டேன். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், பேசிக்கொண்டே நடந்தாரே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

மறுநாளும் அதே இடத்தில் மூச்சு வாங்குமா என்று பார்க்கத் தோன்றியது. போய்ப் பார்த்தேன். வாங்கியது. அடுத்த நாளும் போனேன். ஒரு வாரத்தில் மரத்தைத் தாண்டி, அதற்கப்பால் நிற்கும் இளநீர் வண்டிவரைக்கும் மூச்சு வாங்காமல் வந்துவிட்டேன். மழை பெய்த நாட்களில் போகவில்லை. ஒருநாள் வெயில் கொளுத்தியதில் மரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன்.

"அக்கா, தினம் சாப்பாட்டு நேரத்துல எங்கதான் போறீங்க?" என்றாள், கடையில் மருந்து எடுத்துத் தரும் பெண்.

"எங்க மூச்சு வாங்குதுன்னு பாக்கப் போறேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிறகு சாப்பாட்டின் மீதும் அந்த ஆர்வம் வந்தது. பெரிய டப்பாவில் சோறும் சின்ன டப்பாவில் பொரியலும் எடுத்துப் போவேன். இரண்டையும் மாற்றிப் போட்டால் எத்தனை மணிக்குப் பசிக்கும்? புடலங்காய்ப் பொரியல் அன்று மூன்று மணிக்கே வயிறு கூப்பிட்டது. கூடவே ஒரு கைப்பிடி சுண்டல் வைத்த நாளில் ஐந்துவரை தாங்கியது. புதிதாக எதையும் வாங்கவில்லை. வீட்டில் ஆக்கியதுதான். பஜ்ஜியையும் விடவில்லை. ஆனால் கவனித்துத் தின்றபோது, முதல் பஜ்ஜியின் ருசி மட்டுமே நினைவில் நின்றது. இரண்டாவதை ஏன் தின்றேன் என்று எனக்கே புரியவில்லை. அதன்பின் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். சில நாள் இரண்டு.

நாலைந்து மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. "நல்லா இறங்கியிருக்கே. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் டாக்டர். பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

"கொஞ்சம் நடந்தேன் சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் வீடு இருக்கும் ரெட்டியார்பாளையத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கணவர் போன் செய்தார்.

"எங்க இருக்க? வண்டி எடுத்துட்டு வரவா?"

"வேணாம். நடந்தே வந்துடலாமான்னு பாக்கறேன்."

"சரி, நானும் எதிர்ல நடந்து வரேன்" என்றார்.

பாதி வழியில் சந்தித்தோம். பதினைந்து வருடமாகப் பஸ்ஸிலும் வண்டியிலும் கடந்துபோன அந்தச் சாலையில், ஒரு வீட்டு மதிலுக்கு மேல் மாதுளை காய்த்துத் தொங்குவதை இருவரும் அன்றுதான் பார்த்தோம்.