கேரம் சங்கத்தில் ஒரு மறுபரிசீலனை

ராயப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எங்கள் கேரம் சங்கம் இருந்தது. நான்கு பலகைகள், இருபது பேருக்கும் குறைவான உறுப்பினர்கள், ஒரு செயலாளர். செயலாளர் நான். கூட்டக் குறிப்பேடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆகவே இங்கே வரும் கிழமைக்கும் மணிக்கும் என் ஞாபகத்தைவிட நல்ல சாட்சி உண்டு.

ஞாயிறுதோறும் ஆட்டம். சரியாக மூன்று மணிக்குச் சீட்டுக் குலுக்கி யாரோடு யார் ஆடுவது என்று முடிவு செய்வோம். அப்போது அறையில் இல்லாதவர் அன்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் குலுக்கலுக்கு முன், இரண்டரைக்குப் பொதுக்கூட்டம்.

கேரம் ஆடுகிறவர்களுக்குப் பொதுக்கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தலைவரைப் பார்த்ததில்லை. சட்டமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். மயிலாப்பூர்க்காரர். அவர் வருவதற்கு முன் எங்கள் கூட்டங்களில் தொண்டை பெரியவன் சொன்னதே முடிவு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுதுகிறவர் படும் பாடு அவருக்குத் தெரியும். முதல் நாளே சட்டம் போட்டார்: எழுந்து நின்று, தலைவரைப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகத்தான் பேச வேண்டும்; ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாத எதையும் பேசக் கூடாது; முடிவைக் கைகளை எண்ணித்தான் சொல்ல வேண்டும். பதினெட்டு விதிகளைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். பெரும்பாலோர் அதை மடித்துப் பலகையில் பவுடர் கொட்ட வைத்துக்கொண்டோம்.

ஊரின் பெயர் சட்டப்படி சென்னை ஆன அந்த வருஷம், ஜூலை முதல் ஞாயிறு, தி. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வரும் வங்கி ஊழியர் ஒருவர் எழுந்தார். செப்டம்பரிலிருந்து சங்கம் அடையாறுக்கு மாற வேண்டும் என்று முன்மொழிந்தார். தலைவர் அந்த வருஷம்தான் மயிலாப்பூரை விட்டு அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தார். அதன் தரைத்தளத்தில் மின்விசிறி, நல்ல வெளிச்சத்தோடு ஒரு பொது அறை சும்மா இருந்தது. வழிமொழிந்தவன் நான். சைக்கிள் கடை மாடியின் வெக்கை எனக்கும் போதும் போதுமென்றிருந்தது.

தலைவர் பேனாவை மூடி வைத்தார். “இடம் எங்காத்துக்குக் கீழேயே இருக்கு. மாறினா எனக்குத்தான் சௌகரியம். அதனால நான் கை தூக்கப்படாது. குறிச்சுக்கோங்கோ” என்றார்.

எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தான். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவர். எங்களில் அவரைத் தோற்கடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஞாயிறும் இரண்டு மணிவரை அவருக்கு வேலை. கடையிலிருந்து ராயப்பேட்டைக்கு அரைமணி நடை.

“தலைவரம்மா, அங்க நான் மூணுக்கு வந்து சேர முடியாது. குலுக்கல்ல பேர் இல்லன்னா வாரம் பூரா வேற இன்னா கீது எனக்கு?”

“ரெண்டு பஸ் மாறினா முக்கால் மணி நேரம்தான்” என்றார் வங்கி ஊழியர். “நான் விசாரிச்சாச்சு.”

“ஸ்கூட்டர்ல போறவருக்கு பஸ் ஸ்டாண்டு ஆளு சொன்னானா?”

“தலைவரைப் பார்த்துப் பேசுங்கோ” என்றார் தலைவர், இருவருக்கும் பொதுவாக.

ஆதரிப்பவர்கள் கை தூக்கினோம். பதினொன்று. இன்னும் எதிர்ப்புக் கைகளை எண்ணவில்லை. காஜாக்காரர் கூரையைப் பார்த்தபடி கையை உயர்த்தினார்.

“பன்னெண்டா எழுதிக்கோங்க.”

“கட்சி மாறிட்டியா நைனா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். வங்கி ஊழியர் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கும் மகிழ்ச்சி, எதிர்த்தவரே ஏற்றுக்கொண்டாரே என்று. யாரும் கேட்காமலே குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்தேன்: எதிர்த்துப் பேசிய உறுப்பினரும் முடிவில் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தார். எதிர்ப்பு நான்கு.

அதற்குப் பின் வந்த மூன்று ஞாயிறும் அவர் ஆட வரவில்லை. ரோஷம் என்றார்கள் சிலர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு சரியாக இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தார். போன கூட்டத்தின் குறிப்பைப் படித்து முடித்தேன். உடனே எழுந்தார். கையில் தட்டச்சுத் தாள், பவுடர் படியாத பிரதி.

“தலைவரம்மா, பதினாலாவது விதி. அடையாறு தீர்மானத்த மறுபடி எடுக்கணும்னு முன்மொழியறேன்.”

“தோத்ததை மாசாமாசம் கெளப்பினா சங்கம் நடத்தின மாதிரிதான்” என்றார் வங்கி ஊழியர்.

தலைவர் விதியை உரக்கப் படித்தார். தோற்ற தரப்பு அதையே திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி: முடிந்த தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமை, அதில் ஜெயித்த பக்கம் வாக்களித்தவருக்கு மட்டுமே உண்டு. அதுவும் அடுத்த கூட்டத்துக்குள்.

“நான் ஜெயிச்ச பக்கம்தாம்மா. செயலாளரே எழுதிக்கீறாரு.”

பின்வரிசையில் ஒருவர், “அடப்பாவி, ராணிய ஃபாலோவோட போட்டுட்டான்டா” என்றார். கேரத்தில் ராணியை மட்டும் போட்டால் செல்லாது; தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டால்தான் அது நிற்கும்.

தலைவர் என்னைப் பார்த்தார். அந்த வரியைத் திரும்பப் படித்தேன். தான் தட்டச்சு செய்த விதி தனக்குக் கிடைக்கவிருந்த அறைக்கு எதிராகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தில் எரிச்சல் ஏதும் இல்லை; கணக்குச் சரியாக வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு நிறைவு இருந்தது. “முன்மொழிந்தது செல்லும். வழிமொழிய யாராவது இருக்கேளா?”

எதிர்த்து வாக்களித்த நால்வரில் இருவர் அன்று வரவில்லை. வந்த இருவருக்கும், தோற்றவர்கள் வழிமொழியலாமா என்ற சந்தேகம். தயங்கினார்கள். நான் எழுந்து வழிமொழிந்தேன். மாற்றத்தை அப்போதும் விரும்பியவன்தான். ஆனால் இப்படி ஆடிய ஒருவரை ஆள் இல்லாமல் நிற்க விட மனம் வரவில்லை. மறுபடி விவாதிக்கலாம் என்று பெரும்பான்மை கை தூக்கியது.

காஜாக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மூன்று ஞாயிறும் கடை மூடியதும் அடையாறுக்குப் போயிருக்கிறார். பூட்டிய அறையின் வாசலில் நின்று, காவலாளியின் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்திருக்கிறார். முதல் வாரம் மூன்று இருபது. அடுத்தது மூன்று முப்பத்தைந்து. கடைசி வாரம் மூன்று பத்து.

“ஓடிப் போய் பஸ்ஸுல தொங்கினதுக்கு மூணு பத்து” என்றார். “மெய்யா பொய்யான்னு வாச்மேனைக் கேளுங்க. மூணு வாரம் ஆடாம வுட்டேன். பரிதாபப்படச் சொல்லல. மணியப் பாருங்க.”

“குலுக்கலை நாலுக்கு வெச்சுக்கலாமே?” என்று வங்கி ஊழியர் திருத்தம் கொண்டுவந்தார். நல்ல யோசனைதான். தலைவரே அதற்குப் பதில் சொன்னார்: அந்த அறையில் இப்போது ஞாயிறுதோறும் ஐந்து மணிக்குப் பாட்டு வகுப்பு தொடங்கியிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் குலுக்கல் ஆட்டங்கள் முடியாது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. திருத்தம் வழிமொழிய ஆளின்றி விழுந்தது.

மீண்டும் கைகள். மாற்றத்துக்கு ஐந்து, எதிராக ஒன்பது. என் கை ஒன்பதில் இருந்தது. தலைவர் இம்முறையும் வாக்களிக்கவில்லை. “தீர்மானம் தோற்றது” என்று, ஜூலையில் “நிறைவேறியது” என்று சொன்ன அதே குரலில் சொன்னார்.

காஜாக்காரர் உட்காரவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, மணி மூணாவப் போவுது. குலுக்கலாமா?”

“கூட்டம் இன்னும் முடியலை. முடிக்கணும்னு யாராவது முன்மொழியணும்.”

“முன்மொழியறேன்.”

“வழிமொழியறேன்” என்று எழுந்தவர் வங்கி ஊழியர். “சீட்டு எப்படி வந்தாலும் சரி, இன்னிக்கு உன்கூட ஒரு போர்டு ஆடாம வீட்டுக்குப் போமாட்டேன்.”

“தலைவரைப் பார்த்துப் பேசுங்கோ” என்றார் தலைவர்.