யார் யாரைக் கூட்டிப் போவது

போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக ஒரு புதுச் சாரனை எடுத்து உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து அந்தக் கஞ்சி மணம் வந்தது. மருதமுனைக் கைத்தறிக்கென்றே உள்ள மணம், வெளியூர் ஆளென்றாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நேரமாகிறது என்று வாசலில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தபோது நான் சாரனை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "உடுக்கவா, மோந்து பாக்கவா வாங்கின?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும், நான் அந்நேரம் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

சாரன் கடைக்கு மேலே இருந்த மாடி அது. வேலை ஒன்று கிடைக்கும்வரை என்று சொல்லி அங்கே இங்கிலிஸ் வகுப்பு நடத்தினேன். கீழே கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த புதுத்துணியின் மணம் படியேறி வந்து எங்களோடு வகுப்பில் இருக்கும். மதியம் லுஹர் தொழுது சோறு தின்றுவிட்டு வருகிற நேரம். கடல் பக்கத்து யன்னலால் காற்று மெல்ல வரத் தொடங்கும். படிப்பிக்கிறவன் உட்பட எல்லோருக்கும் கண் சொக்கும். நான் பாதித் தூக்கத்தில் படிப்பித்ததை அவர்கள் பாதித் தூக்கத்தில் படித்தார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

படிக்க வந்தவர்கள் எல்லோரும் கலியாணம் முடித்த பெண்கள். புருசன்மார் லண்டனில். அவர்களிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் இங்கிலிஸில் கதைத்துக் காட்டுகிற சோதனை ஒன்றில் பாஸாக வேண்டும். அநேகம் பேர் என்னைவிட மூத்தவர்கள். 'தம்பி' என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு 'சேர்' என்று முடிப்பார்கள். அதனால் கொஞ்சக் காலம் என் பெயரே தம்பிசேர்.

நம்முடைய பேச்சில் "கூட்டி வாங்க" என்றால் போதும். யார், யாரை, யாரோடு, எங்கே என்பதெல்லாம் கேட்கிறவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் அவர் அந்த வீட்டு ஆளே இல்லை. இங்கிலிஸ்காரன் அப்படி விடமாட்டான். வினை ஒன்றைச் சொன்னால் அதன் பக்கத்தில் யாரை என்று ஒரு சின்னச் சொல்லை இருத்த வேண்டும். அதற்குப் பின்னால் எங்கே, யாரோடு என்று இன்னும் ஒன்றிரண்டு வால் கட்ட வேண்டும். கிவ் இட் டு ஹிம். டேக் மி டு ஹேர். டெல் அஸ் அபவுட் இட். கலியாண வீட்டில் பலர் சேர்ந்து தின்னும் சோற்றுச் சஹனைச் சுற்றி ஆள் பார்த்து இருத்துவதுபோல, எனக்கு அது பிடித்த வேலை. அவர்களுக்கு 'ஹிம்' மட்டும் முதல் நாளே வாயில் ஏறிவிட்டது. புருசன் பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளுகிறவர்கள், அவருக்கென்று ஒரு சொல் கிடைத்ததும் வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் பாடத்தில் ஒரு வசனம் வந்தது. கலியாணம் முடிந்ததும் அவன் அவளைத் தன்னோடு வீட்டுக்குக் கூட்டிப் போனான் என்பது அதன் பொருள். ஹி டுக் ஹேர் ஹோம் வித் ஹிம். ஆளைச் சொல்லுகிற சின்னச் சொற்களையெல்லாம் பலகையிலிருந்து அழித்துவிட்டு, நிரப்பச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ஒன்றுபோல நிரப்பியிருந்தது, அவள் அவனைத் தன்னோடு வீட்டுக்குக் கூட்டிப் போனாள் என்று. பிழை என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சேர், ஊடு ஆருட?" என்று கேட்டார் முன் கதிரையில் இருந்தவர்.

"அவட" என்றேன்.

"மறுகா என்னெண்டு சேர் அவர் அவவக் கூட்டிப் போற? அவருக்கு எங்க ஊடு இரிக்கி?"

வெளியூர் நண்பர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. வாப்பாவும் காக்காமாரும், அதாவது தகப்பனும் அண்ணன்மாரும், பாடுபட்டு அவளுக்கு ஒரு வீடு கட்டுவார்கள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து குடியேறுவார். நானும் பிறகு அப்படி வந்தவன்தான். எந்தச் சுவிச்சுக்கு எந்த லைட் எரியும் என்பதை இந்த வீட்டில் இன்றைக்கும் கேட்டுத்தான் போடுகிறேன். ஒருவர் வழியில் மறித்து "உங்கட ஊடு எங்க?" என்று கேட்டால், உம்மாவுடைய வீட்டைச் சொல்வதா மனைவியுடையதைச் சொல்வதா என்று ஒரு நொடி தடுமாறுவேன். அந்தப் பெண்களுக்கு அந்தத் தடுமாற்றமே தெரியாது. அந்த நாட்களில் அவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

முன் கதிரைக்காரர் கேட்டதற்கு அன்று வகுப்பே சிரித்தது. அதில் சேராமல் யன்னலோரம் இருந்தவர் ஜெஸீமா ராத்தா, எனக்கு அக்கா வயது. வகுப்பிலேயே நன்றாகக் கதைக்கக்கூடியவர். அவருக்கு பர்வின் என்று ஒரு தங்கை. அக்கரைப்பற்றிலிருந்து பர்வினுக்கு நல்ல சம்மந்தம் ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதெல்லாம், புள்ளைக்கு வீடு எங்கே என்பதுதான். வாப்பா பக்கவாதம் வந்து படுத்திருந்தார், இன்னொரு வீடு கட்ட வழியில்லை. ராத்தா லண்டன் போனால் ராத்தாவின் வீடு பர்வினுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். சோதனையில் பாஸானால் அவருக்குப் புருசன் உண்டு, தங்கைக்குக் கலியாணம் உண்டு. வீடுதான் இல்லை.

நான் சோதனைக்காரனாக வேசம் போட்டுக் கேள்வி கேட்பேன். ராத்தா சமையலைச் சொல்வார், கடலைச் சொல்வார், தாயையும் தகப்பனையும் சொல்வார், எல்லாம் வழுவழுவென்று வரும். புருசன் லண்டனிலிருந்து வந்தால் என்ன செய்வார் என்று கேட்டதும் நின்றுவிடுவார். வற்புறுத்தினால், நான் அவரை இங்கே கூட்டி வருவேன் என்று இங்கிலிஸில் அழகாகச் சொல்வார். ஒரு பிழை இராது.

"அங்க போய் இப்பிடிச் சொன்னா விடமாட்டாங்க ராத்தா."

"கலியாணத்தண்டு அவர எங்கட ஆக்கள் போய்க் கூட்டி வந்த சேர். நான் உள்ளுக்க நிண்டு பாத்துக்கிட்டு இருந்த. இப்ப அவர் என்னக் கூட்டிப் போறண்டு என்ட வாயால சொல்லணுமா?"

நான் திரும்பிப் பலகையைத் துடைத்தேன்.

சோதனைக்கு முந்திய கடைசி வகுப்பன்று மழை இருட்டு. கீழே கடையில் துணிகளை உள்ளே இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. ராத்தாவைக் கூட்டிப் போகப் பர்வின் குடையோடு மேலே வந்து பின் கதிரையில் இருந்தாள். இன்றைக்கு அந்தக் கேள்வியை விடுவோம் என்று நான் புத்தகத்தை மூடினேன். "இல்ல சேர், கேளுங்க" என்றார் ராத்தா. கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ஹி வில் டேக் மி ஹோம் வித் ஹிம்.

பர்வின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது.

"என்னத்துக்குகா அழுற?" என்றார் ராத்தா. "இங்கிலிஸ்தானே."

அவர் பாஸாகிப் போனார். பர்வினின் கலியாணம் அந்த வீட்டிலேயே நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன்.

அந்த மாடியில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். சூடான ஈயம் மணக்கிறது, படியேறினால் தலை வலிக்கும். பெண்பிள்ளைகள் தங்கள் கைபேசியிலேயே சோதனைக்குப் படித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையில் ஒரு பிள்ளை மதில் பக்கம் நடந்து நடந்து சொல்லிப் பழகுகிறாள். அவர் என்னைக் கூட்டிப் போவார் என்பது அவளுக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் வருகிறது. யாரும் அந்த வசனத்தைத் திருப்பிப் போடுவதில்லை, ஊடு ஆருட என்று கேட்பதுமில்லை. நான் படிப்பித்த காலத்தில் இப்படி ஒருத்தி கிடைத்திருந்தால் எவ்வளவு சுகம் என்று நினைத்திருப்பேன். இப்போது கேட்க என்னவோபோல் இருக்கிறது.

போன நோன்புப் பெருநாளுக்கு ராத்தா லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்து, இப்போது பர்வினுடையதாகிவிட்ட அந்த வீட்டில் தங்கியிருந்தார். நானும் மனைவியும் பார்க்கப் போனோம். முன் அறையில் அவருடைய புருசன் பாய் போட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டில் என்றைக்கும் வந்தவர்தானே, அவருக்கு ஒன்றும் மாறவில்லை. ராத்தா கதிரை நுனியில் இருந்தார். தண்ணீர் எடுக்க எழும்பினால், "இருங்க ராத்தா, நான் எடுத்துத் தாறன்" என்று பர்வின் ஓடி வருவாள். பாசமாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ராத்தா திரும்ப அந்த நுனியிலேயே இருந்தார். கலியாணம் முடித்த புதிதில் நான் இருந்ததும் அப்படித்தான், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

நாங்கள் வெளிக்கிட்டபோது கேற்றடி வரை வந்தார். மனைவி பர்வினிடம் பயணம் சொல்லிவிட்டு ஒழுங்கையில் இறங்கிவிட்டாள். ராத்தா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், ஒண்டு கேக்கட்டா? நீங்க ஆம்புளயள் இத என்னெண்டு தாங்குற?"

பழகிடும் ராத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே இன்னும் பழகவில்லை. சலாம் சொல்லிவிட்டு, மனைவிக்குப் பின்னால் அவளுடைய வீட்டுக்கு நடந்தேன்.