இடுப்புப் பிள்ளையும் பச்சைக் காயும்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஏழு பேர்: நான் பெற்ற நால்வர், என் அம்மா பெற்று என் இடுப்பில் வைத்த மூவர். பிள்ளை உட்கார்ந்த இடத்தில் வேர்வை ஊறி, பாவாடை நாடா பதிந்து எரிகிற எரிச்சல் இருக்கிறதே, அது இன்றைக்கும் எனக்குத் தெரியும். போன வருஷம் ஐப்பசி மழையில் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து கிடந்தபோது, மாவுக்கட்டுக்குள் எடுத்த அரிப்பு எனக்கு முதலில் அந்த எரிச்சலைத்தான் நினைவுபடுத்தியது. சொறியவும் முடியாது, இறக்கி வைக்கவும் முடியாது.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் பெரிய மகன் வீட்டில்தான் கிடந்தேன். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், பேத்தி ஜெனி காலேஜுக்குப் போய்விடுவாள், அப்புறம் வீட்டில் நானும் மாவுக்கட்டும்தான். மகன் தன் பழைய போனைத் துடைத்து என் கையில் கொடுத்து, "எதனா பாத்துகினு ஒக்காந்து இரும்மா, எழுந்து நடந்துடாத" என்றான். ஜெனி அதில் நாலைந்து ஆட்டங்களை ஏற்றிக் கொடுத்தாள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்த ஆட்டங்களுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. ஒரு சின்ன வெள்ளைக் கை வந்து இங்கே தொடு, அங்கே இழு என்று காட்டுகிறது, அதன்படி செய்தால் போதும்.

முதலில் பாம்பு ஆட்டம். தின்னத் தின்ன நீண்டுகொண்டே போய், கடைசியில் தன் வாலிலேயே முட்டிச் சாகிற பாம்பு. மக்காச்சோளக் கொல்லையில் நிஜப் பாம்பைப் பார்த்துப் பழகிய எனக்கு, இப்படி ஒரு கூறுகெட்ட பாம்பு எங்கேயும் இருக்காது என்று தோன்றியதால் ஒரே நாளில் விட்டுவிட்டேன். அடுத்தது ஒரு பையன் ரயில் தண்டவாளத்தில் ஓடுவதும், போலீஸ்காரர் அவனைத் துரத்துவதுமான ஆட்டம். அவன் என்ன தப்பு செய்தான் என்று ஆட்டத்தில் எங்கேயும் சொல்லவில்லை. நான் அவனை ஓட விடாமல் நிறுத்திவிடுவேன், போலீஸ் பிடித்துவிடும். ஜெனி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா ஆயா நீ, மாட்டிக்கிறதுக்கா ஆட்றாங்க?" "நின்னு பேசினா தீந்துட்ற விசயம்டி, எதுக்கு ஓடணும்?" என்றேன்.

மிட்டாய்களை வரிசையாகச் சேர்க்கிற ஆட்டம் எனக்குப் பிடித்தது, புளி கொட்டை எடுப்பது போலக் கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை அது. அதில் நமக்கு ஐந்து உயிர் கொடுக்கிறார்கள். ஐந்தும் போனால் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லி மறுபடி ஒரு உயிர் தருகிறார்கள். "ஆண்டவரு எழுந்து வரவே மூணு நாளாச்சி, எனுக்கு அர மணி நேரம்தானா" என்று நான் சொல்லப்போக, மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிலுவை போட்டாள். வெள்ளாமை ஆட்டம் ஒன்றும் இருந்தது. விதைத்த சோளம் நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கதிர் விட்டுவிடும். களையில்லை, பன்றி வந்து கிழங்கைப் புரட்டுவதில்லை, மழைக்காக வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஆயுசு முழுக்கச் செய்த வேலையைக் கால் ஒடிந்தும் செய்வானேன் என்று அதையும் விட்டேன்.

கடைசியாக லூடோ. கட்டங்களைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கள் தாயம்தான், கொஞ்சம் சொக்காய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

திருநாவலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாதா கோயில் முன்னால் சிமெண்டு போட்ட இடம் உண்டு. வெயில் தாழ்ந்ததும் பெண் பிள்ளைகள் அங்கே கரித்துண்டால் தாயக் கட்டம் போடுவார்கள். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளை உருட்டி, ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காய் இறங்கும். இன்னொரு சட்டமும் உண்டு. அடுத்தவர் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் நம் காய் நடுக் கட்டத்துக்குள் போய்ப் பழமாகலாம். வெட்டாதவள் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தச் சட்டங்களுக்கெல்லாம் காவல் அமலோற்பவம். என்னைவிட இரண்டு வயது பெரியவள், அவள் வீட்டில் கடைக்குட்டி அவள்தான், அதனால் இடுப்பு காலி.

என் இடுப்பில் ஆரோக்கியம் இருப்பான். என் கடைசித் தம்பி, அப்போது நடக்கக்கூடத் தெரியாது. "எனுக்கும் காய் வையிடி" என்று நான் கேட்கும்போதெல்லாம் அமலோற்பவம் ஒரே பதில்தான் சொல்வாள். "புள்ளயத் தூக்கினு வந்தவளுக்குக் காய் கெடையாது. பாதி ஆட்டத்துல அது அழுவும், நீ எழுந்து ஓடிடுவ." அவள் சொன்னது நியாயம்தான். என் கை ராசியான கை என்பதால் மற்றவர்களுக்காக உருட்டச் சொல்வார்கள். நான் உருட்டுவேன், அவர்கள் காய் நகர்த்துவார்கள். ஒருநாள் ஆரோக்கியம் ஒரு புளியங்கொட்டையை எடுத்து விழுங்கிவிட்டான். மறுநாள் அமலோற்பவம் எங்கள் வாசலில் வந்து நின்று, "வந்துச்சாடி?" என்று கேட்டாள். "வந்துச்சி. கழுவிக் குடுக்கட்டா?" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னை உருட்டவும் விடவில்லை.

ஆக, எனக்கென்று நாலு காய் கிடைத்தது எழுபதாவது வயதில், மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது. நாலும் பச்சை. ஜெனி, "யாரு கூட ஆட்ற ஆயா?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "அந்தப் புளியங்கொட்டையத் தின்னவன் கூடத்தான்" என்றேன்.

ஆரோக்கியம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்து, அங்கேயே பெண் எடுத்து, மரவள்ளி போட்டுக்கொண்டு தங்கிவிட்டான். மத்தியான வேலை முடிந்ததும் டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி உட்கார்ந்து போன் போடுவான். "யக்கா, ரெடியா?" அவனுக்குச் சிவப்புக் காய். மலையில் மழை வந்தால் டவர் போய்விடும், அவன் முறை வரும்போது போன் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடும். அப்படி வந்த ஜெயிப்பை நான் ஏற்றுக்கொண்டதில்லை. மற்றபடி தினமும் நான்தான் ஜெயித்தேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன், பால் ஊற்ற வருகிறவரிடம்கூட.

லூடோவில் அந்த வெட்டுச் சட்டம் கிடையாது. யாரையும் வெட்டாமலே பழத்துக்குப் போகலாம், போன் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நான் கேட்பேன். ஒரு சிவப்பையாவது வெட்டாமல் என் பச்சையை உள்ளே அனுப்ப மாட்டேன். அதை வாசலில் நிறுத்திவிட்டு வேறு காயை நகர்த்துவேன். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு சிவப்பும் எனக்குத் தோதாக வந்து மாட்டியது, என் கை ராசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் அவன் காய் ஒன்று நட்சத்திரக் கட்டத்தில் நின்றது. அங்கே நிற்கிற காயை யாரும் வெட்ட முடியாது. அவனுக்கு இரண்டு விழுந்தது. நகர்த்த வேறு காய்கள் இருந்தும், பத்திரமாக நின்ற அந்தக் காயை எடுத்து, என் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் கொண்டுவந்து வைத்தான். அடுத்த உருட்டில் எனக்கு மூன்றே விழுந்தது, ஆனால் நான் வெட்டவில்லை. காயில்லாமல் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான், எந்தக் காயை எதற்கு எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா பண்ணிகினு இருக்க?"

"ஆடிகினுதான் இருக்கேன் யக்கா."

"ஆட்றியா, எனுக்குச் சோறு ஊட்றியா?"

மேட்டுக் காற்றுச் சத்தத்துக்கு நடுவே சொன்னான்: "என்னத் தூக்கினு இருந்ததாலதான் நீ ஆடவே இல்லன்னு அம்மா சாவற வரிக்கும் சொல்லிகினே இருந்துச்சி யக்கா. வெட்டு விழாம நீ உள்ள போவமாட்டன்னு தெரியும். அதான் ஒண்ணு கொண்டாந்து வெச்சேன். ஜெயிச்சிட்டுப் போயேன், இன்னா இப்ப?"

எனக்குக் கண் கலங்கியது, அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. பத்து வயதில் எனக்குக் காய் கொடுக்கவில்லை. எழுபது வயதில் காயைக் கொடுத்து ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறார்களே என்றிருந்தது. "டேய், நீ எனுக்கு ஒண்ணும் திருப்பித் தர வேணாம். தூக்கினது தூக்கினதுதான். ஒயுங்கா ஆட்றதுன்னா ஆடு, இல்ல போன வெய்யி" என்றேன். நான் ஜெயித்ததாகப் போன் எழுதி வைத்திருந்த ஆட்டங்களில் எது என்னுடையது, எது அவன் ஊட்டியது என்று அன்றைக்கு என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரே ஒரு ஆட்டமாவது என்னுடையது என்று தெரிய வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் ஆடினோம். மழை இல்லை, டவர் நன்றாக இருந்தது. ஜெனிக்கு லீவு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவன் சிவப்பு ஒன்றுகூட எனக்கு மாட்டவில்லை. ஆனால் என் காய்கள் நன்றாக ஓடின, முதல் பச்சை எல்லாவற்றையும் தாண்டி என் வாசல் கட்டத்தில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் அவன் காய் நாலு கட்டத்தில் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஐந்து விழுந்தது. ஜெனிக்குத் தாங்கவில்லை. "ஆயா, உள்ள போ ஆயா! செவப்பு பின்னாடியே வந்துகினு இருக்கு பாரு!" நான் அதைத் தொடவில்லை, வேறொரு பச்சையை எடுத்து ஐந்து கட்டம் நகர்த்தினேன். ஆரோக்கியத்துக்கு நாலு விழுந்தது.

அறுபது வருஷத்து ஆசை, ஒரு தட்டில் வெட்டுப்பட்டு, கிளம்பிய பெட்டிக்கே திரும்பிப் போனது. அங்கிருந்து ஆட்டம் அவன் பக்கம் சாய்ந்து, கடைசியில் அவன் நாலும் பழமானபோது என்னுடையது ஒன்றுகூட உள்ளே போகவில்லை. உடனே போன் வந்தது.

"யக்கா, அஞ்சி வுய்ந்துச்சே, ஏன் உள்ள போவல? போயிருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப."

"வெட்டாம எப்புட்றா போறது?"

"இந்த ஆட்டத்துல அந்தச் சட்டம் இல்ல யக்கா."

"எனுக்கு இருக்குதுடா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வரை அந்த ஆட்டத்தையே மனசுக்குள் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஏழு பேரை வளர்த்தவள், யாரிடமும் எதற்கும் தோற்றதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். யோசித்துப் பார்த்தால் அதுவும் பெரிய பெருமை இல்லை. காயே இல்லாதவளை யார் தோற்கடிக்க முடியும்? அன்றைக்குத் தோற்றது நான்தான், என் காயால், என் சட்டத்தால். அதில் ஆரோக்கியத்தின் தயவு ஒரு துளி கிடையாது. மருமகள் கொடுத்த காப்பி நன்றாக இருந்தது, இன்னொரு வாய் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இப்போது மாவுக்கட்டு பிரித்தாயிற்று, கால் கொஞ்சம் இழுக்கிறது. அந்தப் பழைய போன் விழுந்து கண்ணாடி போய், மகன் வேறு வாங்கிக் கொடுத்தான். மிட்டாய் ஆட்டத்தில் நான் ஏறிப்போயிருந்த இடமெல்லாம் பழைய போனோடு போய்விட்டது, லூடோவில் நான் ஜெயித்த கணக்கும் போய்விட்டது. அதில் பாதி ஊட்டியதுதானே, போகட்டும். அமலோற்பவம் இறந்து வருஷமாகிறது. அவளோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆட முடியாமல் போனதுதான் எனக்கு மனத்தாங்கல். மாதா கோயில் முன்னால் இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், கரி பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நானும் ஆரோக்கியமும் போனில் ஆடுகிறோம், இப்போது இரண்டு பேரும் வெட்டாமல் உள்ளே போவதில்லை. சில நாள் ஜெயிக்கிறேன், பல நாள் தோற்கிறேன்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஜெனிதான் எழுதினாள். நான் பேசுகிறபடி எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருந்தேன். அவள் மனசு இளகின பெண், தாத்தன் ஆரோக்கியம் மாதிரியேதான். அதனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

ஜெனி, இங்க வா. மொதல்லருந்து படி. அந்த அஞ்சி வுய்ந்த ஆட்டத்துல நான் தோத்தேன்னுதான எழுதியிருக்க? அந்த எடத்த மட்டும் சத்தமாப் படி.